மூலை கறுத்த கடிதம்

கிளுவங்காட்டுப்புதூர்,
காங்கேயம் வழி.
8.9.2024

அன்புள்ள தம்பி தனபாலுக்கும், இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிற நந்திதாக் கண்ணுக்கும்,

இங்கே நானும் மாடும் கிணற்று மோட்டாரும் சௌக்கியம். டெல்லியில் நீங்கள் மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நந்திதாவுக்கு இளைப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பதில் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

ஒப்பந்தம் நினைவிருக்கட்டும், கண்ணு. நான் கடிதம் எழுதுவேன், அதை அப்பாவுக்கு நீதான் படித்துக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசும் தமிழ் எனக்குப் பாதிதான் புரிகிறது. மீதியை நானாக இட்டுக்கட்டிக்கொள்கிறேன். நீ தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்ந்தால் ஊர் என்னைத்தான் கேட்கும், உன் அப்பனை யாரும் கேட்க மாட்டார்கள். கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கிறதே, அது குழம்புக் கறை இல்லை. ஏன் வைத்தேன் என்று அவனிடம் கேள்.

தம்பி, மே மாதம் நீ வந்து குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன தோப்புப் பூமியில் பாலுசாமி வேலையைத் தொடங்கிவிட்டார். வெள்ளை ஈ விழுந்து பட்டுப்போன மரங்களை வெட்டி எடுத்தாயிற்று. தேங்காய் உலர்த்தக் களம் போடுவதாகத்தான் என்னிடம் சொன்னார். இப்போது குழியும் வெட்டித் தொட்டிக் கரி சுடுகிறார். தொட்டி என்றதும் நந்திதா தண்ணீர்த் தொட்டியை நினைப்பாள். கொட்டாங்குச்சியைத்தான் நாங்கள் தொட்டி என்போம், கண்ணு. அதைக் குழியில் கொட்டி, தீ வைத்து, மூடி, கரியாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். மேல்காற்று இன்னும் ஓயவில்லை. புகை மொத்தமும் கிழக்கே போய்விடுகிறது. நம் வீடு மேற்கே இருப்பதால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

முன்பு நமக்குத் தேங்காய் பறித்த பிரான்சிஸ்தான் இப்போது குழியில் வேலை செய்கிறான். அங்கேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருக்கிறான். அவன் மகள் அன்புச்செல்வியை நந்திதாவுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேருமாக மே மாதம் என் கொய்யா மரத்தை மொட்டையடித்தவர்கள்தானே. நேற்று வந்து, "ஏனுங்கம்மா, டெல்லிப் பாப்பா எப்பங்க வரும்?" என்று கேட்டாள். கொஞ்சம் இருமுகிறாள். காற்றுக்காலத்தில் இருமாத பிள்ளை யார்?

இப்படிக்கு,
அக்காவாகவும் அத்தையாகவும்
வசந்தாமணி


புது டெல்லி,
27.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முதல் வரி: நந்திதாவுக்கு இப்போது பரவாயில்லை. இனித்தான் பயம். ஐப்பசி பிறந்தால் இங்கே வானம் இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும். ரேணுகா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

மஞ்சளைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். நல்ல சேதி என்றால் மூலையில் மஞ்சள், சாவுச் சேதி என்றால் மூலையில் கறுப்பு மை. கறுப்பு மூலைக் கார்டு வந்தால் நம் அப்பா அதை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார், வாசலில் நின்றபடியே படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார் என்றேன். நாம் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் புதுச் சட்டையோடு கிளம்பி நின்றபோது ஒரு கறுப்பு மூலைக் கார்டு வந்து, பயணமே நின்றுபோய், நீங்கள் நாள் முழுக்க அழுத கதையையும் சொன்னேன். பயணம் நின்றதற்குத்தான் அவளும் வருத்தப்பட்டாள். செத்தவர் யார் என்று கேட்கவில்லை.

பாலுசாமி கரி சுட்டால் சுடட்டும் அக்கா. சும்மா கிடந்த பூமிதானே. நந்திதாவின் மருந்துச் செலவுக்கு அந்தக் குத்தகைதான் இப்போது கைகொடுக்கிறது.

கீழே அவளே எழுதியது.

அத்தை, நான் நந்திதா. நீங்கள் நலமா? வாசலில் நின்றால் சென்னிமலை தெரியுமே, இப்போதும் தெரிகிறதா? அன்புச்செல்விக்கு ஹலோ சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
தனபால்


கிளுவங்காட்டுப்புதூர்,
13.10.2024

அன்புள்ள நந்திதாக் கண்ணுக்கும் தம்பிக்கும்,

நான் நலமாக இருக்கிறேன். உன் எழுத்து கோழி கிளறினது போல இருந்தாலும் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. உன் அம்மா ரேணுகாவுக்கு என் அன்பைச் சொல்.

மலை தெரிகிறதா என்று கேட்டாய். மத்தியானத்தில் தெரிகிறது. காலையிலும் சாயங்காலத்திலும் மங்கலாக இருக்கிறது. பனியாக இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் புரட்டாசியில் ஏது பனி?

அன்புச்செல்விக்கு உன் ஹலோவைச் சொன்னேன். சிரித்தாள், சிரித்ததும் இருமல் வந்துவிட்டது. போன வாரம் பிரான்சிஸ் என் வீட்டுக்கு வந்து, "அம்மணி, புள்ளைக்கு மூச்சு வாங்குதுங்க, கொட்டாயக் கொஞ்சம் இந்தப் பக்கமா மாத்திப் போட்டுக்கட்டுமுங்களா?" என்று கேட்டான். காற்றுக்காலம் முடியப் போகிறதே, பார்க்கலாம் என்றேன். காங்கேயம் ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து வாங்கி வந்திருக்கிறான்.

தீபாவளிக்கு அவளுக்கும் உனக்கும் ஒரே துணியில் பாவாடை எடுக்கலாம் என்றிருக்கிறேன். உன் அளவை அம்மாவிடம் எழுதி வாங்கி அனுப்பு.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அத்தை,
வசந்தாமணி


புது டெல்லி,
20.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தீபாவளி போய் இத்தனை நாளாகியும் கடிதம் இல்லை. பாவாடை அளவு அனுப்பினோம், அதற்கும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அணைத்து வைத்திருப்பதாக வருகிறது. என் மேல் கோபமா?

இங்கே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். எதிர் மாடி தெரியவில்லை. நந்திதாவுக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். காற்றைச் சுத்தம் செய்கிற இயந்திரம் ஒன்று வாங்கி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதன் வடிகட்டி எதில் செய்தது தெரியுமா? தேங்காய்த் தொட்டிக் கரியில். அட்டையில் எழுதியிருந்ததை நந்திதாதான் படித்துக் காட்டினாள். "நம்ம தோட்டத்துக் கரியாப்பா?" என்று கேட்டாள். இருந்தாலும் இருக்கும் என்றேன். அன்றிலிருந்து அந்தப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள்.

டாக்டர் ஒன்றைத்தான் சொல்கிறார். நல்ல காற்று இருக்கிற இடத்தில் பிள்ளையைச் சில மாதம் வையுங்கள் என்கிறார். எனக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஜனவரியில் அனுப்பட்டுமா? பங்குனி வரை உங்களிடம் இருக்கட்டும். பள்ளிக்கூடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடனே பதில் போடுங்கள்.

தனபால்


கிளுவங்காட்டுப்புதூர்,
8.12.2024

அன்புள்ள நந்திதாக் கண்ணுக்கும் தம்பிக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். கோபம் எதுவும் இல்லை.

நந்திதா வருவது எனக்குக் கசக்குமா? ஆனால் ஜனவரியில் பனி அதிகம். வீட்டு ஓடு வேறு மாற்ற வேண்டும், தூசியாக இருக்கும். மாடும் கன்று போடுகிற சமயம். சித்திரையில் வரட்டுமே. பவானியில் ரேணுகாவின் அண்ணன் வீடு இருக்கிறதே, அங்கே வேண்டுமானால் கொஞ்ச நாள் வைத்திருங்கள். ஆற்றங்கரைக் காற்று நல்லது.

அன்புச்செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய், கண்ணு. இருக்கிறாள். பாவாடை அவளுக்குச் சரியாக இருந்தது. இப்போதெல்லாம் அதிகம் வருவதில்லை. விளக்கு வைக்கிற நேரத்திலும் விடியற்காலையிலும் கொட்டகைப் பக்கமிருந்து அவள் இருமல் கேட்கும். கேட்டதும் நான் ஜன்னலில் போய் நிற்பேன். அவளுக்கு அது தெரியுமோ என்னவோ, உடனே நின்றுவிடும்.

மலை இந்த வாரம் தெரியவில்லை.

அத்தை,
வசந்தாமணி


புது டெல்லி,
14.12.2024

அன்பான அத்தைக்கு,

நான் நந்திதா எழுதுகிறேன். அப்பா ஒரு சொல்கூடச் சொல்லித் தரவில்லை. நீங்கள் நலமா? மாடு கன்று போட்டதா?

சித்திரை ரொம்பத் தூரம் அத்தை. தூசி வந்தால் முகமூடி போட்டுக்கொள்வேன். என்னிடம் நிறைய இருக்கிறது. இங்கே நான் வெளியே விளையாடி ரொம்ப நாள் ஆகிறது. ஜன்னலைத் திறந்தால் அம்மா திட்டுகிறாள். உங்கள் வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்தே இருக்குமே, அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

அன்புச்செல்விக்கு வானவில் பென்சில் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஒரே பென்சிலில் ஏழு நிறம் வரும். நானே வந்து கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள்,
நந்திதா


கிளுவங்காட்டுப்புதூர்,
20.12.2024

தம்பி தனபாலுக்கு,

மேலே 'அப்பா மட்டும்' என்று எழுதியிருக்கிறேன். இதை நீ தனியாகப் படி. மஞ்சள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வைக்காமல் அனுப்பினால் பிள்ளை ஏனென்று கேட்பாள். அதனால் எழுதி முடித்து ஒட்டியதும் மஞ்சள் தடவி, எப்போதும்போல ஜன்னலில் காயவைத்துத்தான் அனுப்புவேன்.

அன்புச்செல்வி செத்துப்போய்விட்டாள். தீபாவளிக்கு முந்தின வாரம். எடுத்து வைத்த பாவாடையைப் போட்டுத்தான் அடக்கம் செய்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் நிமோனியா என்று எழுதினார்கள். புகை என்று யாரும் எழுதவில்லை. பிரான்சிஸ் கொட்டகையை அப்படியே விட்டுவிட்டு அந்தியூர்ப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான்.

அந்தக் கொட்டகையைக் குழிக்குக் கிழக்கே போடச் சொன்னவள் நான். பாலுசாமி நம் வீட்டுப் பக்கம்தான் இடம் காட்டினார். அவர்கள் குடியிருப்பு நம் வாசலுக்கு எதிரே வேண்டாமென்று நான்தான் அந்தப் பக்கம் தள்ளினேன். ஏன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை, நீயும் இந்த ஊர்க்காரன்தான். ஆடி முதல் புரட்டாசி வரை மேல்காற்று குழிப் புகையைக் கொண்டுபோய் அந்தத் தகரத்துக்குள் அடைத்தது. மாற்றிப் போட்டுக்கொள்கிறேன் என்று அவன் வந்து கேட்டபோதும் பார்க்கலாம் என்றேன்.

இப்போது காற்று திரும்பிவிட்டது. கீழ்காற்று. புகை நம் வீட்டுக்குத்தான் வருகிறது. கொடியில் போட்ட துணி, பால் குண்டா, தலையணை எல்லாவற்றிலும் கரித்தூள் படிகிறது. காலையில் வாசலைக் கூட்டினால் துடைப்பம் கறுக்கிறது. பாலுசாமியிடம் கேட்டேன். "கரிக்கு இப்ப நல்ல வெலைங்க அம்மணி. ஒரு வருசம் பொறுத்துக்குங்க" என்கிறார். குத்தகையில் உன் கையெழுத்தும் இருக்கிறது. நான் ஒருத்தி சொன்னால் அவர் கேட்க மாட்டார்.

நீ அவரிடம் பேசு. தீ வைப்பதை நிறுத்தினால் மட்டும் பிள்ளையை அனுப்பு. அவள் வந்தால் நீ பேசி முடித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். நிறுத்தாவிட்டால் தயவுசெய்து அனுப்பாதே.

இன்னொன்று. இருமல் கேட்பதாக எழுதினேனே, அது பொய்யில்லை. கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, தனபால்.

வசந்தாமணி


புது டெல்லி,
3.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வணக்கம். டிசம்பர் எட்டாம் தேதிக் கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நந்திதா உங்களுக்குத் தனியாக எழுதினாளே, அதற்குக்கூடப் பதில் இல்லை. இனிக் காத்திருக்க முடியவில்லை. நேற்று ராத்திரி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ரேணுகா இன்று அவளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறுகிறாள். பவானி போய் ஒரு நாள் தங்கிவிட்டு, அவள் அண்ணன் சென்னகேசவன் காரில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார். ரேணுகா அங்கிருந்தே திரும்பிவிடுவாள். ஓடு மாற்றுகிற தூசியை நான்கு நாள் பொறுத்துக்கொண்டால் போகிறது. இந்த ஊர்க் காற்றுக்கு அது எவ்வளவோ மேல்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவளே வந்து சேர்ந்தாலும் ஆச்சரியமில்லை. நீங்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

தனபால்


கிளுவங்காட்டுப்புதூர்,
2.2.2025

தம்பி தனபாலுக்கு,

நந்திதா எப்படி இருக்கிறாள்? இதை மட்டுமாவது எழுது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" எழுதினேனே என்றேன். "எந்தக் கடிதம்?" என்றாய். அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையை விமானத்தில் கூட்டிப்போன அன்றும் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நான் பொய் சொல்வதாக நீ நினைப்பது தெரிகிறது. நடந்ததை எழுதிவிடுகிறேன், நம்புவது உன் இஷ்டம்.

சென்னகேசவன் பிள்ளையை இறக்கிவிட்ட அன்று குழியில் தீ இல்லை. அதற்கு முந்தின சில நாளாகவே இல்லை. நீ பேசி நிறுத்திவிட்டாய் என்றே நினைத்தேன். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஜன்னலெல்லாம் கழுவினேன். பொள்ளாச்சியிலிருந்து தொட்டி லோடு வராததால்தான் தீ வைக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. உன் மூன்றாம் தேதிக் கடிதமும் அவள் வந்து இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. எட்டாம் தேதிக்குப் பிறகு என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று அதில் எழுதியிருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீ எழுதிய பிறகு என் கடிதம் கிடைத்திருக்கும், பேசி நிறுத்தியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்ததும் வராததுமாக அன்புச்செல்வி எங்கே என்று கேட்டாள். அந்தியூருக்குப் போயிருக்கிறாள் என்றேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது. அவள் நம்பவில்லை. கிளுவை வேலி ஓரம் நின்று கொட்டகையைப் பார்த்து, "அன்பு, நான் வந்துட்டேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானமே லோடும் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். ஓடிப்போய்க் கத்தினேன். பாலுசாமி ஊரில் இல்லை, ஆட்கள் என்ன செய்வார்கள்? திரும்பி வந்து ஜன்னலையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் ஈரப் புடவையை அடைத்தேன். ஓட்டு வீட்டில் எந்த இடுக்கை அடைப்பது? இன்ஹேலரை அடித்து அடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. கைக்கு எட்டிய வண்டி கரி ஏற்றுகிற வேன் ஒன்றுதான். அந்தக் கரி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காங்கேயம் போனேன். அங்கிருந்து ஆம்புலன்ஸ். பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

அவள் மூச்சுக்கு இழுத்த இழுப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் பிரான்சிஸின் பிள்ளையும் இப்படித்தான் இழுத்திருப்பாள். அதை நான் போய்ப் பார்க்கக்கூட இல்லை.

வசந்தாமணி


புது டெல்லி,
2.3.2025

அன்பான அத்தைக்கு,

நான் நலம். பள்ளிக்கூடம் போகிறேன். ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் நலமா?

அத்தை, உங்கள் கடிதத்தை ஒளித்து வைத்தது நான்.

டிசம்பரில் தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். நாலு மூலையும் கறுப்பாக இருந்தது. மேலே 'அப்பா மட்டும்' என்று இருந்தது. யாரோ செத்துப்போய்விட்டார்கள், அப்பா படித்தால் ஊருக்குப் போவது நின்றுவிடும் என்று நினைத்தேன். அந்தியூர்ச் சந்தைக்குப் போகாமல் நீங்கள் அழுத கதை எனக்குத் தெரியுமே. ஊருக்குப் போய்விட்டு வந்து கொடுத்துவிடலாம் என்று தமிழ்ப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்தேன். ஆஸ்பத்திரியில் அப்பா உங்களிடம் "எந்தக் கடிதம்" என்று கேட்டது எனக்குக் கேட்டது. மூக்கில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. அப்புறம் பேச முடிந்தபோது பயமாக இருந்தது. போன வாரம்தான் கொடுத்தேன். அப்பா படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் நான் படுத்திருந்தபோது விடியற்காலையில் இருமல் சத்தம் கேட்டது. நீங்கள் எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "அங்கதான் இருமுறா" என்று நீங்களாகவே சொன்னீர்கள். நான் தூங்குவது போல இருந்தேன். மறுநாளும் அப்படித்தான்.

அங்கே யாரும் இருமவில்லை அத்தை. நீங்கள்தான் இருமினீர்கள். தூக்கத்தில் ரொம்ப நேரம் இருமினீர்கள். அதில் உங்களுக்கே முழிப்பு வந்து எழுந்து போனீர்கள். எனக்கு அந்த இருமல் நன்றாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் வரும்.

அன்புச்செல்வி எங்கே? அப்பா சொல்ல மாட்டேன் என்கிறார். அத்தை சொல்வார்கள் என்கிறார்.

நந்திதா

அக்கா, அடியில் நான் எழுதுகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டேன். மூலையில் இருந்தது மை இல்லை. ஈர மஞ்சளில் ஒட்டிய கரித்தூள், தொட்டால் விரலில் வருகிறது. குத்தகையை முறித்துப் பாலுசாமிக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். கலெக்டர் ஆபீசுக்கும் மனு போயிருக்கிறது. கரி என்று நீங்கள் எழுதியபோதே நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. என் பிள்ளை கும்பிட்ட பெட்டிக்குள் இருப்பது எது என்று இப்போது தெரிகிறது. அதை அணைக்கவும் முடியவில்லை, அவளுக்கு மூச்சு வேண்டுமே.

போன் ஏன் அணைந்தே இருக்கிறது என்பதும் புரிந்துவிட்டது, கடிதத்தில் எழுதியதை உங்களால் வாயால் சொல்ல முடிந்திருக்காது. கோயமுத்தூரில் நெஞ்சைக் காட்டுங்கள். சென்னகேசவனை வரச் சொல்லியிருக்கிறேன், அவரோடு போங்கள். வராந்தாவில் நான் நடந்துகொண்டதை மனதில் வைக்காதீர்கள்.


கிளுவங்காட்டுப்புதூர்,
30.3.2025

அன்புள்ள என் நந்திதாவுக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்பதை இந்த முறை உள்ளபடியே எழுதுகிறேன். கோயமுத்தூரில் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "ஏனுங்கம்மா, பீடி குடிப்பீங்களா?" என்று கேட்டார். உன் மாமன் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார். நுரையீரலில் பழுது இருக்கிறதாம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். உன்னுடையதைப் போல எனக்கும் ஒரு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். அடித்தால் பாதி மருந்து வாய்க்கு வெளியே போகிறது. எப்படி இழுப்பது என்று நீ எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

அன்புச்செல்வி உயிரோடு இல்லை, கண்ணு. போன ஐப்பசியில் செத்துப்போனாள். குழிப் புகையில் செத்துப்போனாள். அவள் கொட்டகையைப் புகைக்கு நேரே போடச் சொன்னது நான். என் கடிதங்களை நீ சத்தமாகப் படிப்பாய் என்பதால் அவள் இருக்கிறாள் என்று எழுதினேன். எழுத எழுத எனக்கே அவள் இருப்பது போல ஆகிவிட்டது. என் இருமலை அவள் இருமல் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் அவளைப் பார்க்க ஜன்னலுக்குப் போனேன். உயிரோடு இருந்தபோது ஒரு நாள்கூட அப்படிப் போனதில்லை.

குழியை மூடிவிட்டார்கள். பாலுசாமி இப்போது சாலைக்கு அந்தப் பக்கம் வேறொருவர் பூமியில் தோண்டுகிறார். அங்கே கிழக்கே இரண்டு வீடு இருக்கிறது. ஆடிக்கு முன்னால் போய் அவர்களிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். பேசினால் எனக்கு மூச்சு வாங்கும். அதைப் பார்த்தாலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

கொட்டகைத் தகரத்தை எடுத்துப்போகப் பிரான்சிஸ் வந்தான். நீ விட்டுப்போன பென்சில் பெட்டியைக் கொடுத்தேன். டெல்லிப் பாப்பா கொடுத்தது என்றேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பை எடுப்பாகத் தெரியாமல் கையால் மூடிக்கொண்டே போனான். நான் அவனிடம் சொல்ல நினைத்திருந்த எதையும் சொல்லவில்லை.

கடிதத்தை ஒளித்ததற்கு உன்னை யாரும் திட்டக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். ஜன்னலில் காயவைத்ததைத் திரும்பப் பார்க்காமல் தபால்காரரிடம் கொடுத்தது நான்தான். கரிக்கு நான் அவ்வளவு பழகிவிட்டேன். இந்தக் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்துக் காயவைத்தேன். அப்படியும் ஒரு மூலை கறுத்திருக்கிறது, பார். பயப்படாதே. இனி மூலை கறுத்த கடிதம் வந்தால் அதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். நடுவில் எனக்கு இருமல் வரும், நிறைய நேரம் வரும். வைத்துவிடாமல் இரு, கண்ணு.

அத்தை,
வசந்தாமணி